ஏழாம் நம்பர் சாமிக்கு

புத்தூரிலிருந்து தடா வரைக்கும் எழும்பிய பெரிய கட்டடங்களில் உள்ள ஏசி, பம்பு, புகை மணி, தண்ணீர்த் தொட்டி ஆகிய சகலத்தையும் விலாசத்தோடு மனப்பாடமாக வைத்திருந்த மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான். கொரியர் என்று கூப்பிடுவோம். ஆஸ்பத்திரிக்குப் போனால் சீட்டில்கூடக் கொரியர் என்றே எழுதிக்கொண்டு வருவார் என்று எங்கள் ஆபீசில் பேச்சு. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். அதைக் கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

எங்கள் ஆபீஸ் திருப்பதியில், கரகம்பாடி ரோட்டில், ஒரு டயர் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. ஸ்ரீ சிட்டிப் பக்கம் தொழிற்சாலைகள் வரிசையாக வந்து இறங்கி, திருப்பதியில் சந்துக்கு ஒரு ஹோட்டல் முளைத்துக்கொண்டிருந்த வருஷங்கள். ஒரு பெரிய கட்டடத்தில் இருக்கிற மிஷின்களை எல்லாம் ஒயரில் கோத்து, ஒரே அறையில், ஒரே திரையில் பார்த்து இயக்க வைப்பது எங்கள் தொழில். ஒவ்வொரு மிஷினுக்கும் கன்ட்ரோலர் என்று ஒரு சின்னப் பெட்டி. ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு ஐ.பி. நம்பர். யாருக்கு எந்த நம்பர் என்று முடிவு செய்வது கொரியர். திரையில் படம் வரைந்து பட்டன் வைப்பது நான்.

நான் சேர்ந்த அன்றைக்கு அவர் என் பெயரைக் கேட்கவில்லை.

“எந்த ஊரு?”

“பிச்சாட்டூரு அண்ணா.”

“ஏரிக்கு இந்தாண்டயா, அந்தாண்டயா?”

“இந்தாண்ட.”

“கதவு நம்பரு?”

தெரியாது என்றேன். அப்பன் பேர் தெரியாது என்று சொன்னவனைப் பார்ப்பதுபோல் ஒரு பார்வை பார்த்தார். அன்றிலிருந்து என் பெயர் பிச்சாட்டூர். அப்புறம் தன் லிஸ்டைத் திறந்து ஒரு வரியில் தட்டினார். “இருவத்தி மூணு உன்னுது. எந்த கட்டடத்துக்குப் போனாலும் உன் லேப்டாப்புக்கு இருவத்தி மூணு. வேற எவனுக்கும் குடுக்க மாட்டேன்.”

“நான் டெம்பரவரிதான் அண்ணா. திருப்பதி ஹோட்டல் வேலைய முடிச்சிக் குடுத்தாத்தான் பர்மனென்ட் ஆர்டராம்.”

“கம்பெனில டெம்பரவரி கீதோ இன்னாவோ. என் லிஸ்டுல கெடையாது.”

அந்த நம்பரில் நாலு துண்டு இருக்கும், நடுவில் புள்ளி வைத்து. கம்ப்யூட்டர் படித்தவர்கள் அதை விளக்க ஆரம்பித்தால் கேட்கிறவனுக்குக் கொட்டாவி வரும். கொரியர் நான்கே வார்த்தையில் முடிப்பார். “ஜில்லா, ஊரு, தெரு, கதவு. அவ்ளோதான்.” முதல் துண்டு எங்கள் கம்பெனி. இரண்டாவது கட்டடம். மூன்றாவது மாடி. நான்காவது பெட்டி. மூன்றாம் மாடியில் முப்பத்தொன்றாம் நம்பர் மக்கர் செய்தால், லிஃப்டில் ஏறும்போதே அது எந்த அறை என்று அவருக்குத் தெரியும். கதவைத் தட்டி, “இன்னாப்பா, ஒடம்பு சரியில்லையா?” என்று பெட்டியைத்தான் கேட்பார். கட்டிலில் படுத்திருந்த யாத்திரிகர் ஒருவர், “லேதண்டி, பாகானே உன்னானு,” என்று எழுந்து உட்கார்ந்து, தான் நன்றாக இருப்பதாகப் பதில் சொல்லியிருக்கிறார்.

இந்த விலாசப் பைத்தியம் அவருக்குப் பிடித்தது பழைய தொழிலில். ஊருக்கு ஊர் கொரியர் ஆபீஸ் திறந்த காலத்தில் அவர் நாராயணவனத்துக்கும் புத்தூருக்கும் டி.வி.எஸ். வண்டியில் கவர் கொண்டுபோகிறவர். நாராயணவனத்தில் ஒரே தெருவில் மூன்று எம். முனிரத்தினம். ஒருநாள் சென்னைப் பக்கத்துக் கம்பெனி ஒன்றிலிருந்து ஒரு முனிரத்தினத்துக்கு இன்டர்வியூ கவர் வந்தது. கதவு நம்பர் இல்லை. இவர் முதலில் வாசலுக்கு வந்தவரிடம் கொடுத்துவிட்டார். அந்த முனிரத்தினம் விண்ணப்பமே போட்டவரில்லை. இருந்தாலும் வந்த கவரை ஏன் விடுவது என்று சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு போனார். வேலை கிடைத்துவிட்டது.

“அப்புறம் இன்னா ஆச்சி அண்ணா?”

“இன்னா ஆவும்? இன்னும் அங்கதான் வேல செய்துகினு கீறான். ஊடு கட்டிட்டான்.”

“விண்ணப்பம் போட்டவரு?”

இந்த இடத்தில் கொரியர் எப்போதும் டீ குடிக்கப் போய்விடுவார்.

அதனால்தான் நம்பரைத் தானாகக் கொடுக்கிற வசதியை அவருக்குக் கண்டாலே ஆகாது. எழுந்திருக்கிற பெட்டிக்கெல்லாம் அப்போதைக்குக் காலியாக உள்ள நம்பரை மிஷினே தூக்கிக் கொடுத்துவிடும். வேலை சுலபம். “அது லாட்ஜு,” என்பார் கொரியர். “வரவனுக்கெல்லாம் ரூம் சாவி குடுக்கறது. லாட்ஜுல தங்கறவனுக்கு எவன்யா கவர் அனுப்புவான்? காலைல காலி பண்ணிகினு பூடுவான்.”

அவர் சொன்னது நடந்தும் காட்டியது. ஸ்ரீ சிட்டிக்கு அருகே ஒரு தொழிற்சாலையில் வேறு யாரோ இப்படி லாட்ஜு போட்டு வைத்திருந்தார்கள். ஒரு மத்தியானம் கரன்ட் போய் வந்தது. பெட்டிகள் எல்லாம் எழுந்து ஆளுக்கொரு புது நம்பரை எடுத்துக்கொண்டன. திரைக்கு அது தெரியாது. கேன்டீனில் புகைப் போக்கியைப் போட்டால் மேனேஜர் அறையில் ஏசி ஓடியது. மேனேஜர் அறையில் குளிரைக் குறைத்தால் கேன்டீனில் சாம்பார் வாடை தேங்கியது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மேனேஜர் போர்வை போர்த்திக்கொண்டு கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். கொரியர் இரண்டு நாள் மாடி மாடியாக ஏறி ஒவ்வொரு பெட்டிக்கும் நிரந்தர விலாசம் கொடுத்துவிட்டு வந்தார்.

ஆனால் எல்லாக் கட்டடத்திலும், எல்லா மாடியிலும், ஏழாம் நம்பரை மட்டும் யாருக்கும் கொடுக்க மாட்டார். அதற்கும் ஒரு வரலாறு உண்டு.

எங்கள் எலக்ட்ரீஷியன் சுப்ரமணி நல்ல கைகாரர். பக்தியில் அதைவிடப் பெரிய கைகாரர். புதுப் பெட்டிக்கு முதன்முதலில் கரன்ட் கொடுக்கும்போது ஏழுமலையானை நினைத்து அதன் நம்பரை ஏழு என்று வைப்பார். பொட்டு வைத்து, கற்பூரம் காட்டி, கண்ணை மூடிக் கும்பிடுவார். அப்புறம் சாப்பாட்டு நேரம் வந்துவிடும். பெட்டி ஏழாம் நம்பரிலேயே உட்கார்ந்திருக்கும். ஒருமுறை ஒரே மாடியில் நாலு பெட்டி ஏழாம் நம்பரில் உட்கார்ந்து ஒன்றையொன்று தள்ளிக்கொண்டிருந்தன. இன்னொருமுறை கற்பூரம் புகை மணிக்குக் கீழே எரிந்து, கம்பெனி மொத்தமும் வெயிலில் வந்து வரிசையாக நின்றது.

வேறு ஆளாக இருந்தால் சுப்ரமணியைத் திட்டித் தீர்த்திருப்பார்கள். கொரியர் சட்டம் போட்டார். கற்பூரம் வேண்டாம், துளசி போதும். ஏழாம் நம்பர் எல்லா மாடியிலும் சாமிக்கு. புதுப் பெட்டி முதலில் சாமியிடம் போய்க் கும்பிட்டுவிட்டு, அஞ்சு நிமிஷத்தில் தன் கதவு நம்பருக்கு வந்துவிட வேண்டும். “எப்பப் பாத்தாலும் ஏழுல எவனாவது உக்காந்துகினு கீறான்னா, அவன் இன்னும் வேலைக்கு வரலன்னு அர்த்தம். நான் போய் இட்டாருவேன்.” லிஸ்டில் ஒவ்வொரு மாடிக்கும் ஏழாவது வரியில் ‘சாமி’ என்றே டைப் அடித்து வைத்திருந்தார். சிரிக்கலாம். ஆனால் அதற்குப் பிறகு ஒரு பெட்டிகூட இடம் மாறி உட்காரவில்லை.

இந்தச் சமயத்தில்தான் எனக்குப் பெண் பார்த்தார்கள். நாராயணவனத்துப் பெண், பேர் கோமதி. என் மாமா ஒருவரும், எங்கள் ஆபீஸ் சார்பில் கொரியரும் கூட வந்தார்கள். பெண்ணுக்கு என்னைப் பிடித்திருந்தது. எனக்குச் சொல்லவே வேண்டாம். கோமதியின் அப்பா மாந்தோப்புக் குத்தகைக்காரர். பேச்சில் கறார்.

“வேல பர்மனென்டா?”

கொரியர் சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்து நீட்டினார். எங்கள் ஐ.பி. லிஸ்ட். இருபத்து மூன்றாம் வரியில் விரல் வைத்தார்.

“பாருங்க. பிச்சாட்டூரு. அழிக்க முடியாது.”

கோமதியின் அப்பா காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இது இன்னா, ரேஷன் கார்டா?”

“அத்த விட ஒசத்தி.”

“ஒசத்தியா இருந்துகினு போவட்டும். எனக்கு ஆர்டர் காப்பி வேணும். கையில காயிதம் பாக்காம நான் எத்தயும் நம்பறதில்ல. எனக்கு வர வேண்டிய இன்டர்வியூ கார்டு இதே தெருவுல வேற ஒரு முனிரத்தினத்துக்குப் பூட்சி. அவன் இப்ப மாடி ஊடு கட்டிகினு கீறான். நான் மாங்காய்க்கு மருந்தடிச்சிகினு கீறேன். அந்தக் கவரு கொண்டாந்தவன் மட்டும் என் கையில கெடச்சான்னா…”

கொரியர் கொதிக்கிற காபியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்தார். “போலாம் பிச்சாட்டூரு. வேல கீது.”

பஸ் புத்தூரில் நின்றது. இறங்கும்போது சொன்னார். “அந்த ஓட்டல் கையெழுத்து ஆவணும். உனக்கு ஆர்டர் வரணும். இந்தத் தடவ அந்த ஊட்டுக்கு வர வேண்டிய காயிதம் வந்தே ஆவணும்.”

ஹோட்டல் வேலை முடிகிற வாரம் சென்னை ஆபீசிலிருந்து ஒரு இன்ஜினியர் வந்தார். மடிப்புக் கலையாத சட்டை. என் ஆர்டரில் சிபாரிசுக் கையெழுத்துப் போட வேண்டியவர் அவர்தான். ஒப்படைப்பதற்கு முந்தின நாள் கொரியர் வேறு கட்டடத்துக்குப் போயிருந்தபோது, லிஸ்டைப் பார்த்து இன்ஜினியர் முகம் சுளித்தார்.

“என்னங்க இது, சாமி? கிளையன்ட் கைக்குப் போற டாக்குமென்ட்ல சாமின்னு இருக்கலாமா? ஆறுக்கு அப்புறம் எட்டுக்குத் தாவினா எதுக்குன்னு கேட்பாங்க. ஏழு காலியாத்தானே இருக்கு, சர்வரை அதுல வைங்க.”

சர்வர் என்பது எல்லாப் பெட்டிகளும் வந்து தகவல் சொல்கிற தலைமைக் கம்ப்யூட்டர். திரை முழுக்க அதை நம்பித்தான். கொரியர் அதற்குப் பத்தாம் நம்பர் கொடுத்திருந்தார். எனக்குத் தெரியும். வாயைத் திறந்திருக்கலாம். கோமதியின் முகம் ஞாபகத்துக்கு வந்தது, அவள் அப்பாவின் முகம் அதைவிடப் பெரிதாக வந்தது. எல்லா மாடியிலும் ‘சாமி’யை அழித்தேன். கீழ்த்தளத்து ஏழில் சர்வரை நானே உட்கார வைத்து, பெட்டிகளுக்கெல்லாம் அந்த விலாசத்தைச் சொல்லிவிட்டேன். கொரியரிடம் சொல்லவில்லை.

மறுநாள் காலை பதினோரு மணிக்கு ஒப்படைப்பு. முதலாளி வெள்ளை வேட்டியில், நெற்றியில் பளிச்சென்ற நாமத்தோடு வந்து திரைக்கு முன்னால் உட்கார்ந்தார். அவர் பட்டனை அமுக்க வேண்டும், கீழ்த்தளக் கல்யாண மண்டபத்தில் ஏசி ஓட வேண்டும், கையெழுத்துப் போட வேண்டும். அவ்வளவுதான் நிகழ்ச்சி.

முதலாளி விரலை நீட்டினார். திரையில் இருந்த எண்கள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகக் கோடுகளாக மாறின. மண்டபம் போயிற்று. முதல் மாடி போயிற்று. தண்ணீர்த் தொட்டி போயிற்று.

“ஏமய்யா இதி? அன்னி போயாயே,” என்றார் முதலாளி. எல்லாம் போய்விட்டதே என்று அவர் சாவகாசமாகத்தான் சொன்னார். இன்ஜினியருக்குச் சட்டை நனைந்துவிட்டது. கேபிளைப் பிடுங்கிச் சொருகினார். திரும்பப் பிடுங்கினார். ஒரு நிமிஷம் எண்கள் வந்தன, மறுபடி கோடுகள். எனக்குக் கண் முன்னால் ஒரு மாந்தோப்பு தெரிந்தது. அதில் நான் இல்லை.

கொரியர் கையில் பாதி வடையோடு உள்ளே வந்தார். திரையைப் பார்த்தார். ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“ஏழுல யாரு உக்காந்துகினு கீறது?”

இன்ஜினியர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். “சர்வர் அண்ணா. நான்தான் வச்சேன். நேத்து.”

அவர் திட்டவில்லை. வடையை மென்று முடித்தார். “சாமி எடத்துல சர்வர வச்சியா. சரி. அப்ப இன்னொருத்தன் எவனோ கும்பிட வந்து நிக்கறான்.”

விறுவிறுவென்று மண்டபத்துக்கு நடந்தார். பின்னாலேயே நான், இன்ஜினியர், வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முதலாளி. அங்கே சுப்ரமணி. காலையில் மண்டபத்து ஏசியின் கன்ட்ரோலர் கருகிப்போயிருந்தது; ஒப்படைப்புக்குள் மாற்றிவிட வேண்டும் என்று புதுசு போட்டிருக்கிறார். சட்டப்படி ஏழாம் நம்பர் வைத்து, துளசி வைத்து, கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறார். ஒரே விலாசத்தில் இரண்டு பேர். எல்லாப் பெட்டிகளும் சர்வருக்குச் சொல்ல வேண்டிய தகவலைக் கொண்டுபோய் இந்தப் பெட்டியிடம் சொல்லிக்கொண்டிருந்தன.

“சுப்ரமணி,” என்றார் கொரியர். “அஞ்சி நிமிஷம்தானே சட்டம்?”

சுப்ரமணி கண்ணைத் திறந்தார். “இல்லண்ணா, நம்ம பிச்சாட்டூரு சாருக்கு இன்னைக்கி ஆர்டரு, கல்யாணம் எல்லாம் இத்த வச்சித்தான்னு சொன்னாங்க. அதான் கொஞ்சம் ஜாஸ்தியா வேண்டிகினேன்.”

என் கல்யாணத்துக்காகச் செய்த வேண்டுதலில் என் கல்யாணம் கவிழப் பார்த்த கதை வேறு எங்காவது உண்டா என்று எனக்குத் தெரியவில்லை.

கொரியர் புதுப் பெட்டிக்கு அதன் சொந்த நம்பரைக் கொடுத்தார். கன்ட்ரோல் அறைக்கு வந்து சர்வரைப் பத்துக்கு மாற்றி, எல்லாப் பெட்டிகளுக்கும் அந்த விலாசத்தைச் சொல்லிவிட்டார். ஒரு டீ குடிக்கிற நேரத்தில் எண்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. இன்ஜினியர் முதலாளியிடம் ஆங்கிலத்தில் விளக்க ஆரம்பித்தார். முதலாளி கையமர்த்திவிட்டுக் கொரியர் பக்கம் திரும்பினார். கொரியர் தெலுங்கும் தமிழுமாக மூன்று முனிரத்தினங்களின் கதையைச் சொன்னார். முதலாளி கண்ணில் நீர் வரச் சிரித்தார். அவர் தெருவிலும் நாலு வெங்கடேஸ்வரலுவாம். கரன்ட் பில் எப்போதும் மாறித்தான் வருமாம். அப்புறம் லிஸ்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தார்.

“ஏழுக்கு எதிர்ல முன்ன இன்னா இருந்துது?”

“சாமின்னு இருந்துது சார்,” என்றேன்.

“ஏடு ஸ்வாமிதி. அட்லே உஞ்சண்டி,” என்றார். ஏழு சாமியுடையது, அப்படியே வையுங்கள். இல்லாவிட்டால் கையெழுத்து கிடையாதாம். சென்னை இன்ஜினியர் தம் கையாலேயே ஒவ்வொரு மாடிக்கும் ‘சாமி’ என்று டைப் அடித்தார். ஏழு மாடி. முதலாளி பட்டனை அமுக்கினார். மண்டபத்தில் ஏசி ஓடியது. கையெழுத்துப் போட்டார்.

அன்று சாயங்காலம் கொரியரிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். “நேத்தே சொல்லியிருக்கலாம். பயந்துட்டேன் அண்ணா.”

“கேட்டதும் சொன்ன இல்ல? நான் அந்தக் கவரு விசயத்துல இன்னும் சொல்லல,” என்றார்.

ஆர்டர் பத்து நாளில் வந்தது. தபாலில் அனுப்ப வேண்டியதைக் கொரியர் பிடுங்கிக்கொண்டார். அதில் ஒரு நகல் எடுத்து, கவரில் போட்டு, முழு விலாசம் எழுதி, என்னையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு நாராயணவனம் போனார். கதவைத் தட்டினார். கோமதியின் அப்பா வந்தார்.

“உங்க பேரு?”

“இன்னாய்யா, தெரியாதா? முனிரத்தினம்.”

“நைனா பேரு?”

“முனுசாமி.”

“கதவு நம்பரு?”

அவர் நிலைப்படியைக் காட்டினார். கொரியர் கவரின் மேல் எழுதியதையும் நிலைப்படியையும் இரண்டு தடவை பார்த்தார். கவரைக் கொடுக்காமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே, “அன்னைக்கி அந்தக் கார்ட மாத்திக் குடுத்தவன் நான்தாங்க,” என்றார்.

கல்யாணம் இந்த வாசலிலேயே முடிந்தது என்று நான் நினைத்தேன். முனிரத்தினம் கவரை வாங்கிப் பிரித்தார். ஆர்டரை எழுத்துக் கூட்டி முழுக்கப் படித்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

“அன்னைக்கி இப்படிக் கேட்டிருந்தீங்கன்னா நான் மெட்ராஸ் பக்கம் போயிருப்பேன். இவ அங்க பொறந்திருப்பா. இந்தப் பையன் வேற எங்கனா பொண்ணு தேடிகினு இருந்திருப்பான்,” என்றார். “உள்ள வாங்க. துன்னுட்டுப் போவலாம்.”

கொரியர் அன்று ஒன்பது தோசை சாப்பிட்டார். நான் எண்ணவில்லை, கோமதி எண்ணினாள்.

கல்யாணமாகி மூன்றாம் வருஷம் எனக்குத் தோஹாவில் வேலை கிடைத்தது. எங்கள் பக்கத்தில் யாருக்குத்தான் கிடைக்கவில்லை. கொரியரிடம் சொல்ல ரொம்பத் தயங்கினேன். “போய்ட்டு வா,” என்றார். தோஹாவில் நாற்பது மாடிக் கட்டடத்துக்கு நான் போட்ட முதல் லிஸ்டில் ஏழாம் நம்பரைக் காலியாக விட்டேன். எதற்கு என்று பாகிஸ்தான்காரர் ஒருவர் கேட்டார். ரிசர்வ்டு என்றேன்.

போன விடுமுறையில் திருப்பதி வந்தபோது அந்த ஹோட்டலுக்குப் போனேன். கன்ட்ரோல் அறையில் புதிதாக ஒரு பெண், பவானி என்று பேர். பழைய திரையைப் பார்க்க ஆசை, லேப்டாப்பைச் சொருகட்டுமா, ஒரு நம்பர் கொடுங்கள் என்றேன். முதலாளிக்குத் தெரிந்த பழைய ஆள் என்பதால் லிஸ்டைத் திறந்தாள்.

“எல்லாம் ஃபுல்லு சார். ஏழு சாமிக்கு. இருவத்தி மூணு மட்டும் காலி. ஆனா அத்த யாருக்கும் குடுக்கக் கூடாதுன்னு கொரியர் சார் ஆர்டரு.”

எட்டிப் பார்த்தேன். இருபத்து மூன்றாம் வரியில், ‘பிச்சாட்டூர். வெளியே போயிருக்கிறார்’ என்று இருந்தது.

“நான்தாம்மா அது,” என்றேன். நம்பிக்கை வராமல் என் கதவு நம்பரைக் கேட்டாள். இந்தத் தடவை சொன்னேன். லேப்டாப்பில் இருபத்து மூன்றை வைத்துக் கேபிளைச் சொருகினேன். திரை பழையபடி வந்தது. நான் வரைந்த கோணல் பம்புகூட அப்படியே இருந்தது.

இரண்டு நிமிஷம் இருக்கும். பவானியின் செல்போன் அடித்தது. கேட்டுவிட்டு என்னிடம் நீட்டினாள். ஸ்ரீ சிட்டியில் ஏதோ ஒரு கட்டடத்தில், மிஷின் சத்தத்துக்கு நடுவிலிருந்து குரல் வந்தது.

“இருவத்தி மூணு உசுரோட கீதுன்னு இங்க என் லேப்டாப்புல காட்டுது. எப்ப வந்த? துன்னியா?”